நெல் போன பிறகு வந்த சத்தம்

“யாரது அங்கால நிண்டு அடிக்கிற?” என்று அஹ்ஸன் கேட்டான்.

டிரம்ஸில் அவன் ஒரே ஒரு அடிதான் அடித்திருந்தான். அந்த ஒரு அடி களஞ்சியசாலையின் தகரக் கூரைக்குப் போனது, அங்கிருந்து பின்சுவருக்குப் போனது, கதவடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, போன இடத்தில் பிள்ளைகுட்டி பெற்றதுபோலப் பலதாகத் திரும்பி வந்தது. மூலையில் சிந்திக்கிடந்த நெல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்த குருவிகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

“நீதான்டா அடிச்ச,” என்றான் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த பவிதரன். “உன்ட சத்தம்தான் ஊர் சுத்திப்போட்டு வருது.”

பஹ்மிதா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நெல் நிறுக்கிற தராசின் மேடையில் மடிக்கணினியை வைத்து, அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் சுற்றிப் பார்த்தாள். நான்கு பக்கமும் வெறும் சுவர். கடைசியாக இங்கே ரெகோட் பண்ண உட்கார்ந்தபோது நெல் மூட்டைகளுக்கு நடுவே கதவைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

“காக்கா,” என்றாள். “நெல்லு எங்க?”

அவள் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன் றிபாத், கிட்டார் கம்பியை முறுக்குவதில் திடீரென்று மிகவும் கவனமாகிவிட்டான்.

“போன செவ்வாய் லொறி வந்த.”

“ஏத்தினது ஆரு?”

“நான்தான்.”

“எல்லா மூட்டையையுமா?”

“வாப்பா நல்ல வெல வந்திரிக்கி, கெதியா ஏத்துங்க என்டார். ஆள் காணாது. நானும் தோள் குடுத்தன்.”

“சிரிச்சிச் சிரிச்சி ஏத்தியிரிப்பாய்.”

“ஓம். போட்டோவும் எடுத்தன்.”

பவிதரன் பேஸ் கிட்டாரை அப்படியே நிலத்தில் சாய்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மச்சான், உன்ட சத்தத்த நீயே தூக்கி லொறியில வெச்சி, கயிறும் கட்டி அனுப்பியிருக்காய்!”

சிரிப்பும் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது.

விஷயம் இதுதான். நிந்தவூரின் வயல்பக்க ஓரத்தில் கபூர் ஹாஜியாரின் நெல் ஆலை. ஆலையோடு ஒட்டினாற்போல ஒரு களஞ்சியசாலை. அவருடைய மகன் றிபாத்தும் சாய்ந்தமருது அஹ்ஸனும் காரைதீவு பவிதரனும் சேர்ந்து நடத்துகிற ரொக் இசைக்குழுவுக்குக் ‘கச்சான்’ என்று பெயர். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து அனலை அள்ளிக்கொண்டு வீசுகிற காற்றின் பெயரைத்தான் வைத்தார்கள். கொழும்பில் மேடையேறியபோது, கடலைக்கும் அதே பெயர் என்பதால், அறிவிப்பாளர் அதை வறுத்த கடலை என்று நினைத்துச் சிரித்தான். முதல் பாட்டு முடிந்தபோது காதைத் தடவிக்கொண்டிருந்தான்.

அப்படியொரு சத்தம். முதல் அல்பத்தைப் பெரும்போக அறுவடை முடிந்த சித்திரையிலும், இரண்டாவதை எடப்போகம் என்கிற சிறுபோக அறுவடை முடிந்த புரட்டாதியிலும் இதே இடத்தில் பதிவு செய்தார்கள். இரண்டு தடவையும் மூன்று சுவரோரமும் கூரை முட்ட நெல் மூட்டை. எந்தச் சத்தம் எழுந்தாலும் மூட்டைகள் விழுங்கிவிடும். விழுங்க விழுங்க இவர்கள் இன்னும் பலமாக வாசித்தார்கள், இன்னும் வேகமாக வாசித்தார்கள். நெருக்கி இறுக்கிய, மூச்சுவிடாத அந்தச் சத்தத்துக்குத்தான் பெருநாள் பின்னேரங்களில் கல்முனைக் கடற்கரையில் பொடியன்மார் பாய்ந்து குதித்தார்கள். எங்கே பதிவு செய்கிறீர்கள் என்று கொழும்புக்காரர் கேட்டபோது, “எங்களுக்கென்று ஒரு ஸ்டூடியோ இருக்கிறது” என்று றிபாத் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். மூட்டைதான் ஸ்டூடியோ என்பது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை.

மூன்றாவதையும் புரட்டாதியில் செய்வதாகத்தான் இருந்தது. அதற்குள் பவிதரனுக்குக் கட்டாரில் வேலை சரிவந்துவிட்டது. இரண்டு வருட ஒப்பந்தம். இன்றிலிருந்து பதின்மூன்றாவது நாள் விமானம். பாட்டுகள் எட்டும் தயாராக இருந்தன. அவனில்லாமல் அந்த எட்டையும் வாசிக்க ஒருவருக்கும் மனமில்லை, அதைப் பற்றிக் கதைக்கவும் இல்லை. ஆகவே திகதியை முன்னுக்கு இழுத்தார்கள். திகதியை இழுத்த நெல்வியாபாரி வீட்டுப் பிள்ளைகள், புது அறுவடைக்கு முந்திய மாதத்தில் களஞ்சியசாலை காலியாகும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

“சரி, ஒரு தரம் வாசிச்சுப் பாப்பம்,” என்றான் றிபாத்.

வெள்ளிக்கிழமை. ஆலை ஓடாத நாள். ஜும்ஆவுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. றிபாத் கிட்டார் சத்தத்தைக் கரகரக்க வைக்கிற பெடலை மிதித்தான். பஹ்மிதா ஹெட்போனில் கேட்டாள். முதல் வரி முடிவதற்குள் கிட்டார் எது, டிரம்ஸ் எது என்று தெரியாமல் போனது. வயலில் மிதித்த சேறுபோல எல்லாம் ஒன்றாகக் கலங்கியது.

“எப்பிடி?” என்று றிபாத் கத்தினான்.

“ஒரே நேரத்தில அஞ்சி பள்ளியில பாங்கு சொன்ன மாதிரி இரிக்கி,” என்றாள். “ஒண்டும் விளங்கல்ல.”

அந்த முதல் மூன்று நாளும் அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லிமுடியாது. றிபாத் முதலில் வாப்பாவிடம் போனான்.

“வாப்பா, அந்த லொறிக்காரன்ட கொஞ்சம் நெல்லத் திருப்பி எடுக்க ஏலாதா? ஒரு கிழமைக்கு.”

கபூர் ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றி மகனைப் பார்த்தார். “வித்த நெல்லயா?”

“ஓம்.”

“எதுக்கு? திங்கவா?”

“இல்ல வாப்பா. பக்கத்தில வெச்சிக்கொண்டு பாடுறதுக்கு.”

“உம்மாட்டப் போய் தலையில எண்ண வெக்கச் சொல்லு.”

உம்மாவிடம் போனான், ஆனால் எண்ணெய்க்கல்ல. வீட்டில் இருந்த ஐந்து மெத்தைகளும் முச்சக்கர வண்டியில் ஏறி வந்தன. வெறும் சாக்குகளைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். மழைக்கு நெல்லை மூடுகிற படங்குகளைக் கட்டினார்கள். அந்தப் பெரிய கட்டடத்துக்கு ஐந்து மெத்தை என்ன செய்யும்? சத்தம் மெத்தைகளைத் தாண்டிக் கூரைக்குப் போய்ச் சாவகாசமாகத் திரும்பியது. மூன்றாம் நாள் பின்னேரம் ஆயிஷா உம்மா தேத்தண்ணி வாளியோடு நேரே வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடுவில் நின்றாள்.

“இண்டைக்கும் நானும் உங்கட வாப்பாவும் பாயிலயா படுக்கிற? எனக்கு இடுப்பு நோகுது. மெத்தயத் தாங்க, மறுகா என்ன கூத்தெண்டாலும் ஆடுங்க.”

மெத்தைகள் திரும்பிப் போயின. விமானத்துக்குப் பத்து நாள் மிச்சம்.

நான்காம் நாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆலை நின்றதும் பஹ்மிதா எல்லோருக்கும் முந்தி வந்துவிட்டாள். பவிதரன் மட்டும் அங்கே இருந்தான். கதவடியில் குந்தியபடி, அம்ப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒரு கம்பியை ஒரு தரம் தட்டினான். தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். சத்தம் போனது. வட்டமாக, பெரிதாக, ஒரு மனிதன் தன் வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதுபோல நிதானமாகப் போய்த் தேய்ந்து முடிந்தது. முடிந்த பிறகு இரண்டாவது தரம் தட்டினான்.

“பவி, நிப்பாட்டாதங்க,” என்றாள் பஹ்மிதா. “அப்பிடியே வாசிங்க.”

“சும்மா விளையாடுறன் பஹ்மி. ஒண்டும் வாசிக்கல்ல.”

“அதத்தான் வாசிங்க.”

அவள் ஹெட்போனை மாட்டினாள். விரல்விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றுக்குப் பிறகு கட்டடம் அமைதியாகிறது. அந்த மூன்றுக்குள் யாராவது இன்னொன்றை வாசித்தால் சேறு. காத்திருந்து வாசித்தால், ஹெட்போனுக்குள் அவள் இதுவரை கேட்காத ஒன்று கேட்டது. பேஸ் கிட்டாரின் ஒரு தட்டு, ஆலை முழுவதையும் விட அகலமாக இருந்தது. இதுதான் மூன்றாவது அல்பம் என்று அந்த நிமிடமே முடிவுசெய்துவிட்டாள். அவள் முடிவுசெய்தால் செய்ததுதான்.

அவளை அக்கா முறையில் றாத்தா என்று கூப்பிடுகிற அஹ்ஸன் வந்ததும் அவனைப் பிடித்தாள்.

“அஹ்ஸன், அந்த ரெண்டு பித்தளத் தட்டையும் கழட்டி வெளியில வை.”

“என்ன றாத்தா! அதில்லாம நான் என்னத்த அடிக்கிற?”

“நாலடிக்கு ஒரு அடி அடி. மத்த மூணையும் கூர அடிக்கும்.”

அவன் சந்தேகத்தோடு உட்கார்ந்தான். அடித்தான். காத்திருந்தான். அடித்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. “அட, எனக்குச் சம்பளமில்லாம ஒரு ஆள் வேல செய்யிறானே!”

றிபாத் வந்தபோது மூவரும் ‘உப்பாறு’ என்ற பாட்டின் பாதி வரை போயிருந்தார்கள். வேகப் பாட்டு அது. இப்போது அது நடந்துகொண்டிருந்தது. அவன் கதவடியில் நின்று கேட்டான்.

“இது என்ன, மையத்து வீட்டுக்குப் போறீங்களா?”

“வா காக்கா,” என்றாள் பஹ்மிதா. “பெடலக் கழட்டு. கிட்டார நேரா அம்ப்புக்குக் குடு. குறைச்சி வாசி.”

“என்னத்தக் கழட்ட?”

“பெடல.”

றிபாத் சிரித்தான். அது நல்ல சிரிப்பல்ல. “பெருநாளைக்குக் கடக்கரையில பொடியன்மார் எழும்பிப் பாயிற இந்தப் பெடலுக்குத்தான். இதக் கழட்டினா கச்சான் இல்ல, கலியாண வீட்டு பேண்ட். நீ ரெகோட் பண்ணுற ஆள். பட்டன அமத்து. பாட்ட நாங்க பாப்பம்.”

பவிதரன் நிலத்தைப் பார்த்தான். அஹ்ஸன் குச்சியால் முழங்காலைச் சொறிந்தான். பஹ்மிதா எழும்பினாள்.

“மூணு வருசமா உங்கட சத்தத்தக் கேட்ட ஒரே ஆள் நான்தான் காக்கா. நீங்க மூணு பேரும் அடிக்கிற. கேக்கல்ல. இந்தக் கட்டடம் என்ன சொல்லுது என்டு எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியாது.”

“அப்ப கட்டடத்தோடயே பாடு.”

அவன் அம்ப்பையும் பெடலையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டான். அங்கே கடை விளம்பரம் பதிவு செய்கிற அறை ஒன்று இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

“இப்ப என்ன செய்யிற?” என்றான் பவிதரன்.

“வாசிக்கிற,” என்றாள் பஹ்மிதா. “அவன் வருவான். அவனுக்கு இடம் விட்டு வாசிங்க.”

“வராட்டி?”

“வருவான் பவி. அந்த அறைய நான் பாத்திரிக்கன். அதுக்குள்ள ஒரு ஆளும் ஒரு மைக்கும்தான் நிக்க ஏலும். அஹ்ஸன்ட டிரம்ஸ வெச்சா அஹ்ஸன் றோட்டில நிண்டுதான் அடிக்கணும்.”

அவள் சொன்னபடியேதான் நடந்தது. பின்னேர அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஆனால் றிபாத் உள்ளே வரவில்லை. வெளியே வேப்பமரத்தின் கீழ், அம்ப்பைக் கட்டிய கயிற்றைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தான். உள்ளே மூவரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள், கிட்டாரும் குரலும் வரவேண்டிய இடங்களை வெறுமையாக விட்டு. பஹ்மிதா எழும்பி வெளியே போனாள்.

“அறை எப்பிடி?”

“கோழிக்கூடு.”

“வா உள்ளுக்கு.”

“எனக்கு அப்பிடி வாசிக்க வராது பஹ்மி.” இந்தத் தடவை அவன் கோபமாகச் சொல்லவில்லை. “நான் முயற்சி செய்யல்ல என்டு நினைக்காத. முந்தாநாள் தனிய வந்து, சத்தத்த அடங்க விட்டு வாசிச்சுப் பாத்தன். எப்ப விடணும், எப்ப பிடிக்கணும் என்டு தெரியல்ல. ஒவ்வொரு தரமும் முந்திப் போயிர்றன். எண்ணிப் பாத்தன். எண்ணினா பாட்டு செத்துப்போகுது.”

இதுதான் சங்கதி என்று பஹ்மிதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. காக்காவுக்குப் பிடிக்காமல் இல்லை. பயம். அவள் அவன் பக்கத்தில் குந்தினாள். சற்றுத் தள்ளி, ஆலைச் சுவரில், லொறிக்கு மூட்டை ஏற்றுகிற நீளப் பலகை சாத்திக் கிடந்தது.

“செவ்வாய்க்கிழமை எத்தினை பேர் ஏத்தின?”

“ஆறு பேர். ஏன்?”

“அந்தப் பலகையில முன்னுக்கு ஒருத்தன் மூட்டையோட ஏறிப் போறான். நீ பின்னால நிக்கிறாய். எப்ப கால் வெப்பாய்?”

“அவன் லொறிக்குள்ள இறங்கினாப் பொறகு.”

“இறங்கின உடனேயா?”

“இல்ல, உடனே வெச்சாப் பலகை தூக்கி எறியும். ஆட்டம் அடங்கணும்.”

“அடங்கிற்று என்டு எப்பிடித் தெரியும்? எண்ணுவியா?”

“எண்ணுறதா? தோளில மூட்டைய வெச்சிக்கொண்டு ஆரு எண்ணுவான்? அது கால்ல தெரியும். பலகைட நுனி…” அவன் நிறுத்தினான். பலகையைப் பார்த்தான். பிறகு களஞ்சியசாலையின் கதவைப் பார்த்தான்.

பஹ்மிதா எழும்பி உள்ளே போய்த் தன் கதிரையில் உட்கார்ந்துகொண்டாள்.

றிபாத் கயிற்றை அவிழ்த்தான். அம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பவிதரனுக்குப் பக்கத்தில் வைத்தான். பெடல் மோட்டார் சைக்கிளிலேயே இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்றான். ஒரு தரம் கிட்டாரைத் தட்டினான். சத்தம் போனது, ஆடியது, அடங்கியது. அவன் காலை எடுத்து வைப்பதுபோல அடுத்ததைத் தட்டினான்.

அஹ்ஸன் அவனைப் பார்த்து வாயைப் பிளந்தான். பவிதரன் கண்ணை மூடிக்கொண்டான். றிபாத் மெல்லப் பாடத் தொடங்கினான். கத்தத் தேவையே இருக்கவில்லை. தேத்தண்ணி வாளியோடு வந்த ஆயிஷா உம்மா கதவடியிலேயே நின்று முழுப்பாட்டையும் கேட்டாள்.

“இது ஆரு எழுதின பாட்டு மகன்?”

“நான்தான் உம்மா.”

“நல்லாயிரிக்கி. போன ரெண்டிலயும் நீ என்ன சொன்னாய் என்டே எனக்கு விளங்கல்ல. ஆரையோ ஏசுறாய் என்டு நினைச்சன்.”

அதற்குப் பிறகு வேலை ஓடியது. லுஹரிலிருந்து அந்தி மஃரிப் வரை வாசிப்பார்கள். பாங்கு சொன்னால் நிறுத்துவார்கள். குருவிகள் பழகிவிட்டன, இரண்டு பாட்டுகளில் அவற்றின் சத்தமும் விழுந்திருக்கிறது, பஹ்மிதா அதை வெட்டவில்லை. எட்டில் இருந்த வேகப் பாட்டுகளில் மூன்றைப் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டினார்கள். பத்தாவது நாள் முடிவில் ஆறு பாட்டுகள் கையில் இருந்தன. இரண்டு பாட்டு, இரண்டு நாள். போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பதினோராம் நாள் பகல் இரண்டு உழவு இயந்திரங்கள் ஆலை வாசலில் வந்து நின்றன. பெட்டி நிறையப் புது நெல் மூட்டை. சாகாமப் பக்கத்தில் இந்த முறை முந்தி விதைத்தவர்கள் முந்தி அறுத்துவிட்டார்கள். கபூர் ஹாஜியார் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, களஞ்சியசாலைக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார்.

“எடுங்கடா உங்கட சாமான! நெல்லு வந்திரிக்கி!”

பஹ்மிதாவின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. அவள் வாப்பாவைப் பார்க்கவில்லை. காக்காவைத்தான் பார்த்தாள். மூட்டை வந்துவிட்டது. மூன்று சுவரும் மறுபடி நிறையும். அவன் அழுது கேட்ட பழைய சத்தம் இதோ வாசலில் நிற்கிறது. பெடல் இன்னும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

றிபாத் கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு வாப்பாவுக்கு முன்னால் போய் நின்றான்.

“வாப்பா, நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் நெல்ல உள்ளுக்கு ஏத்தாதங்க.”

“என்ன?”

“வெளியில கெடக்கட்டும். படங்கு போட்டு மூடுவம்.”

“டேய்! போன கிழமை நெல்லத் தாங்க, பக்கத்தில வெச்சிக்கொண்டு பாடணும் என்டு அழுதாய். இப்ப வாசலுக்கு வந்த நெல்ல வேணாம் என்டிறாய். உங்கட பேண்டுக்கு நெல்லு வேணுமா, வேணாமா? ஒண்டச் சொல்லு!”

“வேணாம் வாப்பா.”

“மாடு வந்தா?”

“நான் காவல் நிக்கிறன்.”

“மழை வந்தா?”

“ஆடியில மழையா? கச்சான் அடிக்கிது வாப்பா.”

“ஹாஜியார்,” என்று பவிதரன் உள்ளேயிருந்து கூப்பிட்டான். “நானும் காவல் நிப்பன். இதுக்குப் பொறகு ரெண்டு வருசத்துக்கு எனக்கு இந்த ஊரில வேற வேல இல்ல.”

கபூர் ஹாஜியார் அவனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். உழவு இயந்திரக்காரர்களைப் பார்த்து, “இறக்குங்க,” என்றார். “அங்க, வேம்புக்குக் கீழ. அடியில பலகை போடுங்க. இந்தப் பொடியன்மாருக்கு நெல்லு திங்கவும் வேணாம், பக்கத்தில வெச்சிப் பாடவும் வேணாமாம்.”

பன்னிரண்டாம் நாள் அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் எட்டாவது பாட்டை வாசித்தார்கள். ஒரே தரத்தில் வாசித்தார்கள். கடைசித் தட்டு பவிதரனுடையது. தட்டிவிட்டு அவன் கையை எடுத்தான். சத்தம் கூரைக்குப் போய், பின்சுவருக்குப் போய், கதவடியைச் சுற்றி வந்தது. ஒருவரும் மூச்சுவிடவில்லை. அடங்கியது.

அஹ்ஸன் குச்சியை மெல்ல மடியில் வைத்தான். “முடிஞ்சுதா றாத்தா?”

பஹ்மிதா விரலை உயர்த்தி அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். கதவடியில் கபூர் ஹாஜியார் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார். பாட்டு முடியும் வரை நின்றிருக்கிறார். அவள் தலையசைத்ததும் றிபாத் போய் முதல் மூட்டையைத் தோளில் வாங்கி, உள்ளே நடந்து, பின்சுவரடியில் போட்டான்.

தொம்மென்று விழுந்தது. அந்தச் சத்தமும் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தது.

“ரெகோட் ஓடுதா?” என்றான் றிபாத்.

“ஓடுது,” என்றாள் பஹ்மிதா. “அடுத்ததப் போடு. ஆட்டம் அடங்கினாப் பொறகு போடு.”